டேன் கோடாலி நகல்: பார்க்க அழகு, கையில் பாரம்

வைக்கிங் காலத்து டேன் கோடாலியின், அதாவது நீளப் பிடி போட்ட போர்க் கோடாலியின், அசல் நகல் என்று போட்டிருந்ததை நம்பி இணையத்தில் வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் அசந்துபோனேன், ஆஷ் மரப்பிடி, வழவழவென்று இழைத்திருக்கிறார்கள், நிறுத்தினால் என் மார்பு வரை வருகிறது. அதுவரை சரி.

தூக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அலகு விறகுக் கோடாலி மாதிரி ஆப்பு வடிவில் தடித்துக் கிடக்கிறது. அசல் அப்படி இருக்காது. வெட்டும் விளிம்பு 20 முதல் 30 செ.மீ. வரை அகன்றாலும் தகடு சில மில்லிமீட்டர்தான். கட்டையைப் பிளக்கத்தான் தடிமன் வேண்டும், ஆளை வெட்ட வேகம் போதும், அதோடு குறி தவறினால் அடுத்த நொடியே திருப்பிக் கொண்டுவர வேண்டுமே! இதுவோ வீசினால் நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. நாலு வீச்சில் தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது.

1066இல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரில் ஆங்கிலேய மன்னர் ஹரால்டின் வீரர்கள் இந்த வகைக் கோடாலியை இரண்டு கையாலும் ஓங்குவதை, அந்தப் போரைத் துணியில் பூவேலையாகக் காட்டும் பேயூ திரைச்சீலையில் பார்க்கலாம். இரண்டு கையும் பிடியில் இருந்தால் கேடயம் பிடிக்க ஏது வழி? அந்த ஆபத்துக்கு ஈடாகக் கிடைத்தது எட்டும் தூரம். அப்புறம் அலகின் கீழ்முனை: எதிரியின் கேடய விளிம்பில் அதை மாட்டி இழுக்கலாம். இவர்கள் அந்த முனையையே மொழுக்கென்று உருட்டிவிட்டார்கள்.

ஒரு வாரத்தில் தலையும் லேசாக ஆட ஆரம்பித்தது, ஆப்பைத் தட்டி இறுக்கினேன். சுவரில் மாட்ட மூன்று நட்சத்திரம், பயிற்சிக்கு ஒன்றுகூடக் கிடையாது.