ஓடினால் சரி, நின்றால் கொதி: கடலூர் – புதுச்சேரி ரோட்டில் ஒரு பழைய காரின் கூலிங்

1,200 சிசி பெட்ரோல் வண்டி, ஒரு லட்சம் கி.மீ. தாண்டியது. புதுச்சேரியைத் தாண்டி இ.சி.ஆரில் காலாப்பட்டு பக்கம் 80-இல் போனால் டெம்பரேச்சர் முள் பாதியிலேயே நிற்கும். மரப்பாலம் சிக்னலில் ஏசியோடு பத்து நிமிஷம் ஊர்ந்தால் மேலே ஏறும். கோடையில் இந்தப் பக்கத்துப் பழைய வண்டிகள் பலவற்றுக்கும் இதே வியாதிதான்.

பாதி நோயை இந்த அறிகுறியே சொல்லிவிடுகிறது. வேகத்தில் எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கும்; நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றுதான் கதி. ஆகவே முதல் சந்தேகம் காற்றின் மேல் விழ வேண்டும், தண்ணீரின் மேல் அல்ல. ஒர்க் ஷாப்பில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு: முதலில் கூலன்ட் மாற்றுவார்கள், பிறகு தெர்மோஸ்டாட்டை (சூடேறினால் கூலன்டுக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றி எறிவார்கள். ஹைவேயில் சூடு ஏறினால்தான் ரேடியேட்டர் உள்ளடைப்பு, தெர்மோஸ்டாட் என்று அந்தப் பக்கம் போக வேண்டும்.

முள்ளை நம்பிப் பயனில்லை. பல வண்டிகளில் 80 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் நடுவே அது அசையாதபடி வைத்திருக்கிறார்கள். ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் சாக்கெட்) செருகும் ப்ளூடூத் ரீடர் ஒன்று வாங்கி மொபைலில் பார்ப்பது நல்லது. இந்த வண்டியில் ஓட்டத்தில் 88–92 டிகிரி, நின்றால் 97 வரை ஏறி, ஃபேன் ஓடியதும் 92-க்கு இறங்கும். ஃபேன் ஓடியும் 100-ஐத் தாண்டிக்கொண்டே போனால் கோளாறு உறுதி.

ஃபேன் சுற்றுகிறதா என்று எட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது; எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதுதான் கேள்வி. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தால் சோம்பலாகச் சுற்றும், சில நேரம் தட்டினால்தான் எழுந்திருக்கும். ஃபேன் ஓடும்போதே மோட்டார் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14 வோல்ட் வரை இருக்கும். முழு வேகத்தில் மோட்டாரில் 11-தான் வருகிறது என்றால் இடையில் எங்கோ விழுங்குகிறது: பச்சை பூத்த கனெக்டர், கருகிய ரிலே (ஃபேனுக்குக் கரன்ட் திறந்துவிடும் ஸ்விட்ச்) கால், துருப்பிடித்த எர்த் போல்ட். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இது சாதாரணம். கனெக்டரைச் சுரண்டித் துடைத்து, எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். ரிலேயைச் சோதிக்க, அதே நம்பர் உள்ள ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தால் போதும்.

மோட்டாரை மாற்றிய பிறகு ஒரு காகிதத்தை கிரில் முன்னால் பிடியுங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் ஒயர் இரண்டும் மாறிக் கிடக்கிறது. ஓட்டத்தில் அந்த ஃபேன் எதிர்காற்றோடு மல்லுக்கட்டும். நின்றாலோ இன்ஜின் ரூமின் சூட்டையே ரேடியேட்டருக்குள் தள்ளும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தாலும் இழுவை குறைந்துவிடும். இதை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்தது ஏசியின் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இருக்கும் சந்து. மணல், பூச்சி, இலைத்தூள் எல்லாம் அங்கே அடையும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். சாதாரண ஹோஸ் தண்ணீரை இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி அடியுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோனால் அலுமினிய ஃபின் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். பங்குனியில் ஒரு தடவை செய்தால் அக்னி நட்சத்திரத்தைத் தாண்டிவிடலாம்.

கூலன்டில் எங்கள் அனுபவம்: கான்சென்ட்ரேட் 2 லிட்டர், டிஸ்டில்ட் வாட்டர் 2 லிட்டர். அடர்த்தியாக ஊற்றினால் அதிகம் குளிரும் என்பது தப்பு. கூலன்டில் இருக்கும் கிளைக்கால் (glycol) என்ற திரவத்தைவிடத் தண்ணீரே சூட்டை நன்றாகச் சுமக்கும்; கூலன்ட் தருவது துருத்தடுப்பும் உயர்ந்த கொதிநிலையும். போர் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். நிறத்தை வைத்து ஒன்றோடொன்று கலக்காதீர்கள். பச்சை, சிவப்பு என்பது வெறும் சாயம்.

ஊற்றுவதைவிட உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதில்தான் வேலை இருக்கிறது. இன்ஜின் முழுதும் ஆறியிருக்க, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து மெதுவாக நிரப்புங்கள். மூடி போடாமல் ஐடிலில் விட்டு, மேல் ஹோஸைத் துணியோடு அமுக்கி அமுக்கி விடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை அளவு இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். மறுநாள் காலை அளவு பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

ரேடியேட்டர் மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். 0.9 என்று அச்சிட்டிருந்தால் 0.9 பார் (bar) அழுத்தம் என்று பொருள்; அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைத் தாங்காது. குறைந்த செலவில் மாற்றக்கூடிய பாகம் இது, சந்தேகம் வந்தாலே மாற்றிவிடலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது வேண்டவே வேண்டாம். இன்ஜின் சூடாகாமல் பெட்ரோல் குடிக்கும், உண்மையான கோளாறும் ஒளிந்துகொள்ளும்.

இத்தனையும் செய்தும் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதா, ரேடியேட்டரில் விடாமல் குமிழ் வருகிறதா, ஆயில் மூடியின் அடியில் பால்நிறப் பசை இருக்கிறதா? அப்போது ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) பார்க்க வேண்டும்.

நெரிசலில் ஏறிவிட்டால் உடனே ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். முக்கால் மணி நேரம் மூடியைத் தொடக் கூடாது. கொதித்துக் கொட்டிய வண்டியில் முள் திடீரென்று கீழே விழுந்தால் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். சென்சர் இருக்கும் இடத்தில் கூலன்ட் இல்லை என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம்.