வாசலுக்கு மடக்கு போஸ்ட், கூடவே இன்சூரன்ஸ்: பல்லடம் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

பல்லடத்தில் எங்கள் வீதியில் பாதிப் பேருக்குக் கார் வீட்டு வாசலில்தான் நிற்கும். எங்களுக்கும் கேட் வைக்க இடம் பத்தவில்லை. இரண்டு மாதம் முன்பு ஒருவர் வந்தார். வாசலில் இரும்பு மடக்கு போஸ்ட் நட்டுப் பூட்டிவிட்டால் காரை யாரும் வெளியே எடுக்க முடியாது என்றார். அதுவரை சரி. அப்புறம் சொன்னதுதான் வினை: "இதைப் போட்டீங்கன்னா இன்சூரன்ஸ் பாதியாக் குறையுமுங்ணா. ரெனீவலையும் நானே பண்ணித் தர்றனுங்க."

போஸ்ட்டுக்கு 8,500, இன்சூரன்ஸுக்கு 7,000. போன வருடம் 14,000 கட்டியிருந்ததால் நம்பிவிட்டேன். பணத்தை அவருடைய சொந்த ஜிபே நம்பருக்கே அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் வந்த பாலிசியில் வண்டி நம்பரையும் கடைசித் தேதியையும் மட்டும் பார்த்தேன்.

போன மாதம் நல்ல மழை. மறுநாள் காலை போஸ்ட்டை மடக்கிவிட்டுக் காரை எடுத்தேன். அடியில் 'டங்'கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் வாசலெல்லாம் கறுப்பாக ஆயில், இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப் உடைந்திருந்தது. மடக்கிய போஸ்ட் தரையோடு படியாமல் கீல் பக்கம் நாலு விரல் தூக்கி நின்றது. தோண்டினால், ஒன்றரை அடி காங்கிரீட் என்று சொன்ன இடத்தில் ஒரு சாண்கூட இல்லை. மேலே சிமெண்ட் பூச்சு, அடியில் வெறும் செம்மண். மழையில் மண் இறங்கித் தூண் சாய்ந்திருக்கிறது.

கிளெய்ம் போடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் பாலிசியைக் கேட்டார்கள். தலைப்பிலேயே இருக்கிறது: லையபிலிட்டி ஒன்லி. தேர்டு பார்ட்டி மட்டும்தான், அதாவது நம் காரால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும். நம் கார் அடிபட்டாலும் திருடு போனாலும் நமக்கு ஒரு பைசா வராது. திருட்டுக்குப் பயந்து போஸ்ட் வைத்தவனுக்குத் திருட்டுக்கே கவர் இல்லாத பாலிசி! என் கார் 1,200 சிசி. 1,000 முதல் 1,500 சிசி வரை தேர்டு பார்ட்டி பிரீமியம் 3,416 ரூபாய், எந்தக் கம்பெனியிலும் இதே ரேட்தான். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4,031. மீதி அவர் பைக்குள்.

கம்பெனியின் கிளையில் விசாரித்தேன். வாசல் போஸ்ட்டுக்குத் தள்ளுபடியே கிடையாதாம். புனேவில் உள்ள வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த, காரிலேயே பொருத்திய திருட்டுத் தடுப்புக் கருவிக்குத்தான் உண்டு. அதுவும் ஓன் டேமேஜ் (நம் காருக்கே ஆகும் சேதம், திருட்டு) பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகம் போனால் 500 ரூபாய்.

அவருக்கு ஃபோன் போட்டால் முதலில் "பாக்கறனுங்ணா" என்றார். இப்போது எடுப்பதே இல்லை. சம்ப் வேலைக்கு 11,000 கைக்காசு. காரை இன்ஸ்பெக்‌ஷன் செய்து ஓன் டேமேஜ் மட்டும் தனியாக எடுத்திருக்கிறேன். பழைய பாலிசி முடிந்து 90 நாள் ஆகாததால் கிளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் தப்பியது. கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கே சரிவராவிட்டால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ புகார் கொடுக்கலாம்.

இதே ஆள் போன வாரம் பொங்கலூரில் என் கொழுந்தியா வீட்டுக்கும் போயிருக்கிறார். உங்கள் வாசலுக்கு வந்தால், பாலிசியில் ஓன் டேமேஜுக்குத் தனி வரியில் தொகை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைக் கம்பெனியின் கணக்குக்கே நேராகக் கட்டுங்கள்.