சாலிசிலிக்கா, கிளைக்கோலிக்கா, பென்சாயில் பெராக்சைடா?

முகப்பருவுக்கென்று விற்கும் களிம்பு, சீரம், ஃபேஸ்வாஷ் எதை எடுத்தாலும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும். வாங்குபவர்கள் பார்ப்பதோ சதவீதத்தை. 10 என்றால் 2-ஐவிட வீரியம் என்று ஒரு கணக்கு. மூன்றும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு வேலை பார்ப்பவை என்பதால் அந்தக் கணக்கு தேறாது. எண்ணெயில் கரைகிறதா, நீரில் கரைகிறதா என்று முதலில் கேட்பதுதான் சரி.

சாலிசிலிக் அமிலத்தில் ஒரு பென்சீன் வளையம், அதன் அடுத்தடுத்த கார்பன்களில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் ஒரு கார்பாக்சில் தொகுதியும் இருக்கின்றன. இவ்வளவு நெருக்கத்தில் இருப்பதால் மூலக்கூறுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகிறது. புரோட்டானை இழந்த பிறகும் அந்தப் பிணைப்பு அயனியை நிலைப்படுத்துவதால், பென்சாயிக் அமிலத்தைவிட இது வலிய அமிலம்: அதன் பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண், குறைந்தால் வலிமை கூடும்) 4.2, இதற்கு 2.97. வளையத்தின் தயவில் எண்ணெயோடும் நன்றாகச் சேரும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 2 கிராம்தான் கரையும். ஆல்கஹாலில் தாராளமாகக் கரையும்.

கிளைக்கோலிக் அமிலம் நேர் எதிர். இரண்டே கார்பன், மூலக்கூறு எடை 76 (சாலிசிலிக்குக் 138), நீரில் மிக எளிதாகக் கரையும். தோலின் மேலடுக்கில் இறந்த செல்களின் பிடிப்பைத் தளர்த்தி உதிரவைக்கும். ஆனால் பரு தொடங்குவது எண்ணெயும் இறந்த செல்களும் அடைத்துக்கொண்ட நுண்துளைக்குள். அங்கே போய் வேலை பார்க்க சாலிசிலிக்குக்கே வசதி அதிகம். அதனால் கரும்புள்ளி, வெண்புள்ளி, எண்ணெய் வழியும் முகம் என்றால் என் ஓட்டு சாலிசிலிக்குக்கு. பரு ஆறிய கறை, சொரசொரப்பு, மங்கிய நிறம் என்றால் கிளைக்கோலிக். கிளைக்கோலிக் போடுகிறவர்களின் தோல் வெயிலில் எளிதில் சிவந்துவிடும். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

இனி, லேபிளில் பெரும்பாலும் அச்சாகாத விஷயம்: பிஹெச், அதாவது கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் எண் (7 நடுநிலை, குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). அமிலத்தின் அயனியாகாத (புரோட்டானை இழக்காத) வடிவம்தான் தோலுக்குள் எளிதாக நுழையும். பிஹெச் 3-இல் சாலிசிலிக்கில் ஏறக்குறைய பாதி அப்படி இருக்கும். பிஹெச் 4-க்குப் போனால் 9 சதவீதம்தான் மிஞ்சும். பிகேஏ 3.83 உள்ள கிளைக்கோலிக்கில் அதே பிஹெச் 4-இல் 40 சதவீதம் அயனியாகாமல் நிற்கும். ஆக, குப்பியில் 2 சதவீதம் என்று போட்டிருந்தாலும் கரைசல் நடுநிலைக்குக் கிட்டே இருந்தால் அதில் பெரும்பகுதி உப்பு வடிவில்தான் கிடக்கிறது. அரை நிமிடத்தில் கழுவிவிடும் ஃபேஸ்வாஷில் சாலிசிலிக் இருப்பதைப் பெரிதாகக் கொண்டாட வேண்டியதில்லை என்று நான் நினைப்பதற்கு, அமிலத்துக்கு அங்கே கிடைக்கும் நேரமும் குறைவு என்பது இன்னொரு காரணம். கழுவாமல் விடும் சீரமோ ஜெல்லோ மேல்.

ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து முகத்தில் அப்பிக்கொள்வதும் இதற்கு மாற்றாகாது. 1897-இல் பேயர் நிறுவனத்தில் ஃபீலிக்ஸ் ஹாஃப்மன் சாலிசிலிக்கின் ஹைட்ராக்சில் தொகுதியில் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்துத் தயாரித்த சேர்மம்தான் ஆஸ்பிரின். அந்தத் தொகுதி பிரிந்தால்தான் சாலிசிலிக் வெளிவரும். முகத்தில் சில நிமிடம் வைத்திருப்பதற்குள் அது பெரிதாகப் பிரியாது.

மேலே சொன்ன இரண்டும் அடைப்பை எடுப்பவை. பென்சாயில் பெராக்சைடின் குறி பாக்டீரியா. அதன் ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பு உடைந்து வரும் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல் எனப்படும், எளிதில் வினைபுரியும் துணுக்குகள்) பாக்டீரியாவின் புரதங்களைச் சிதைக்கின்றன. ஆன்டிபயாடிக்கை எதிர்த்துப் பழகிக்கொள்வதுபோல் இதை எதிர்த்துக் கிருமிகள் பழகுவதில்லை. சிவந்து சீழ் கோத்த பருவுக்கு இதுதான் முதல் தேர்வு, அதுவும் 2.5 சதவீதமே போதும். 10 சதவீதத்தில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் எரிச்சலும் வறட்சியும். அப்புறம், தலையணை உறை, துண்டு எல்லாவற்றிலும் சாயத்தை வெளுத்துவிடும். வெள்ளைத் துணியைப் பயன்படுத்துங்கள்.

மரு விஷயத்தில் சாலிசிலிக்கின் போட்டியாளர் திரவ நைட்ரஜன். சுமார் 17 சதவீதத் திரவமாகவோ 40 சதவீத பிளாஸ்டராகவோ சாலிசிலிக்கை வாரக்கணக்கில் பூசிக் கரைப்பது ஒரு வழி, மைனஸ் 196 டிகிரி குளிரில் உறையவைப்பது இன்னொரு வழி. உள்ளங்கால் மரு உள்ள 240 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், 50 சதவீத சாலிசிலிக்கும் உறையவைத்தலும் 12 வாரத்தில் ஒரே பலனைத்தான் தந்தன: இரண்டிலும் 14 சதவீதம் பேருக்கே மரு முழுசாகப் போனது. வலி குறைந்த, வீட்டிலேயே செய்யக்கூடிய வழியை முதலில் பார்ப்பதில் தப்பில்லை. சர்க்கரை நோயாளிகளும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்த அடர்த்தியைத் தொடவே கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் சாலிசிலிக்கை எந்த அளவிலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும். உடம்பின் பெரும்பகுதியில் நாள்கணக்கில் பூசினால் ரத்தத்தில் சேர்ந்து காதில் இரைச்சல், தலைசுற்றல் வரலாம். குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.