கன்டெய்னர் கட்டணம்: ஆல்-இன் நல்லதா, சர்சார்ஜ் தனியாக இருப்பது நல்லதா?

இந்த சீசனுக்கு கன்டெய்னர்களை ஆல்-இன், அதாவது எல்லாம் சேர்ந்த ஒரே தொகைக் கட்டணத்தில்தான் கப்பலில் புக் செய்திருக்கிறோம். அதற்கு முன்பெல்லாம் அடிப்படைக் கட்டணம் தனி, அதன்மேல் போடும் கூடுதல் கட்டணங்களான சர்சார்ஜ் தனி. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் அனுப்பும் சிறிய ஆலைக்காரர்கள் பலர் இதைக் கேட்பதால் எழுதுகிறேன்.

பிரித்து வாங்கினால் எரிபொருளுக்கு எவ்வளவு, சீசன் நெரிசலுக்கு எவ்வளவு, 2024 முதல் கப்பல்களுக்கும் வந்துவிட்ட ஐரோப்பிய கார்பன் கணக்குக்கு (புகை வெளியீட்டுக்கான செலவு) எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் விலை இறங்கினால் கொஞ்சம் மிச்சமும் ஆகும். வருட ஒப்பந்தம் போட்டு நூற்றுக்கணக்கில் அனுப்புகிறவர்களுக்கு அது ஒத்துவரலாம். மாதம் நாலைந்து பெட்டி அனுப்பும் எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை.

எங்களை ஆல்-இன் பக்கம் திருப்பியது தேதிதான். பெங்களூரா மாம்பழம் கோடையில் வரும். கூழை வருடம் முழுக்க விற்கிறோம். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் உள்ள வாடிக்கையாளருக்குக் கப்பல் கட்டணத்தையும் சேர்த்தே விலை சொல்கிறோம். சொன்ன விலையை மாற்ற முடியாது. ஆனால் பிரித்த கட்டணத்தின் கடைசி வரியில் 'சர்சார்ஜ்கள் ஏற்றும் நாளில் அமலில் உள்ளபடி' என்று இருக்கும். 2023 நவம்பரில் விலை பேசி முடித்தோம். செங்கடலில் ஏமனின் ஹூதி படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் கப்பல்கள் சூயஸை விட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. ஜனவரியில் எங்கள் பெட்டி ஏறியபோது அடிப்படைக் கட்டணம் ஒரு டாலர்கூட மாறவில்லை. புதிதாக வந்த சர்சார்ஜ் வரிகளே அந்தப் பெட்டியின் லாபத்தை விழுங்கிவிட்டன.

'ஏற்றும் நாள்' என்பதே இன்னொரு சிக்கல். பெட்டி துறைமுக கேட்டுக்குள் போன நாளா, கப்பலில் ஏறிய நாளா? 28-ஆம் தேதி உள்ளே போன பெட்டி கப்பல் தாமதத்தால் 3-ஆம் தேதி ஏறினால், 1-ஆம் தேதி வந்த உயர்வு நம் தலையில் விழுமா என்பது இதில்தான் இருக்கிறது. ஆல்-இன்னிலும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் அங்கே ஒரே தொகை, அது செல்லுபடியாக ஒரே கெடு தேதி. எந்த நாள் கணக்கு என்பதை மட்டும் எழுத்தில் வாங்கினால் போதும்.

ஆல்-இன் தொகை முதல் பார்வையில் அதிகமாகத்தான் தெரியும். அதை வெறும் அடிப்படைக் கட்டணத்தோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். டி.எச்.சி. (துறைமுகத்தில் பெட்டியைக் கையாளும் கட்டணம்), பி.எல். (கப்பல் சரக்குச் சீட்டு), பெட்டிக்கு வைக்கும் சீல் போன்ற சென்னைத் துறைமுகச் செலவுகள் பெரும்பாலும் ரூபாயில் தனியாக வரும். 'போர்க்கால சர்சார்ஜ் நீங்கலாக' என்று ஒரு வரி இருந்தால் அது ஆல்-இன்னே இல்லை. கிரானைட் அனுப்புகிறவர்கள் 20 அடிப் பெட்டிக்கான அதிக எடைக் கட்டணம் உள்ளே சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

எஃப்.ஓ.பி.யில், அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றுவதுவரை மட்டும் நம் பொறுப்பு என்று விற்றால், கப்பல் கட்டணம் சரக்கை வாங்குகிறவர் பாடு. அதற்கு எங்கள் வாடிக்கையாளர் ஒப்பவில்லை. அதனால் இப்போது கட்டணம் கேட்டு மெயில் அனுப்பும்போதே, எதெல்லாம் சேரவில்லை, கெடு எந்த நாளை வைத்து என்ற இரண்டுக்கும் பதில் கேட்கிறோம். பதில் வந்த பிறகுதான் ரோட்டர்டாமுக்கு விலை சொல்கிறோம்.