600 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். என்று ஸ்டிக்கர் ஒட்டி 18,400 ரூபாயைக் கறந்த கடை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கம் சொந்தமாக சப் ஊஃபர் பெட்டி அடிக்கிற சவுண்ட் சர்வீஸ்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்பீக்கர் வாங்கப் போங்கள். 18,400 ரூபாய் போச்சு. கோவையில் ஒரு ஸ்பீக்கர் கடை, அவ்வளவுதான் சொல்வேன். 15 இன்ச், 8 ஓம், ஒரு ஜோடி. ஸ்டிக்கரில் 600 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (விடாமல் தாங்கும் பவர்), 3 இன்ச் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுற்று), எக்ஸ்மேக்ஸ் (கோன் ஒரு பக்கம் ஒழுங்காக ஆடும் தூரம்) 8 எம்.எம். மாரியம்மன் கோவில் பொங்கலுக்குக் கட்டிய முதல் ராத்திரி, நாற்பதே நிமிஷம், ரெண்டும் கருகிவிட்டன. பெட்டிக்கு எத்தனை வோல்ட் வரை விடலாம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

டேட்டா ஷீட் கேட்டோம், இல்லை. மேக்னெட்டைத் தட்டிக் காட்டினார். “வெயிட்டப் பாருங்ணா, 600 அசால்ட்டாத் தாங்கும், நம்பி எடுத்துட்டுப் போங்க.” ஏமாந்த இடம் இதுதான். மேக்னெட் எத்தனை கிலோ இருந்தால் என்ன, சூட்டைத் தாங்க வேண்டியது காயில். பில் கேட்டால், “ஜி.எஸ்.டி. போட்டா விலை ஏறிடும்ணா” என்று எஸ்டிமேட் சீட்டுதான் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தாயிற்று.

600 ஐ 8 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 69 வோல்ட். ஸ்டிக்கரை நம்பி ஆம்ப் லிமிட்டரை (வோல்ட் அளவு தாண்டாமல் பிடிப்பது) அங்கேதான் வைத்தோம். காயில் சூடு 200 டிகிரி ஏறினால் செம்பின் ஓம் கிட்டத்தட்ட 1.8 மடங்காகும், சவுண்ட் அமுங்கும். அமுங்குதே என்று மிக்ஸரில் இருப்பவர் ஃபேடரை ஏற்றுவார். எரிகிற அடுப்பில் இன்னும் விறகு வைக்கிற வேலை அது.

பிரித்துப் பார்த்தோம். புதிதில் மீட்டரில் 5.8 ஓம் காட்டிய ஸ்பீக்கர்களில் ஒன்று ஓப்பன், கம்பி அறுந்துவிட்டது. இன்னொன்று 3.9 ஓம், வார்னிஷ் எரிந்து சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. காயில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கருகியிருக்கிறது. உரசியிருந்தால் ஒரு பக்கம்தான் கீறியிருக்கும். காலிப்பர் வைத்தால் காயில் விட்டம் 64 எம்.எம்., அதாவது இரண்டரை இன்ச், மூன்று இல்லை. சுற்றின் உயரம் 14 எம்.எம்., மேல் இரும்புத் தகட்டின் கனம் 8 எம்.எம். வித்தியாசத்தில் பாதி 3 எம்.எம்., அதுதான் அந்த ஸ்பீக்கரின் உண்மையான எக்ஸ்மேக்ஸ். ஸ்டிக்கரில் 8! இந்தக் காயிலை 250 வாட்ஸுக்கு மேல் நம்ப முடியாது.

காயில் சுற்றியிருக்கும் குழாயான ஃபார்மரின் அடி விளிம்பும் நசுங்கியிருந்தது. பெட்டி 40 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்தது. அதற்குக் கீழே போனால் பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைப் பிடித்து நிறுத்தாது, கோன் கட்டவிழ்ந்து ஆடும். மிகத் தாழ்ந்த சத்தத்தை வெட்டும் சப்சானிக் ஃபில்டரை 25 இல் விட்டது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறோம். கருகியதற்கு அது காரணமில்லை.

கடைக்குப் போன் போட்டால் முதலில், “உங்க ஆம்ப் சரியில்லைங்ணா.” மறுநாள், “காயிலுக்கு வாரண்டி கிடையாதுங்ணா.” வாங்கும்போது இந்த வார்த்தை எங்கே போச்சு? காலிப்பர் வைத்த போட்டோக்களை வாட்ஸப்பில் அனுப்பினோம். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ரெண்டையும் தூக்கிக்கொண்டு நேரில் போனால் ஓனர் திருப்பூர் போயிருக்கிறாராம். கல்லாவில் இருந்த பையன், ஒன்றுக்கு 2,200 கொடுத்தால் “ஒரிஜினல் காயில்” போட்டுத் தருவதாகச் சொன்னான். 18,400 விட்டது போதாதென்று மேலே 4,400.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரமாக இவ்வளவு:

மெல்லிய சத்தத்தில் சைன் டோனை 60 இலிருந்து 25 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக இறக்குங்கள். எங்கே கோன் ஏறக்குறைய நின்று போர்ட்டில் (பெட்டியின் காற்றுத் துளையில்) காற்று பலமாக வருகிறதோ, அதுதான் பெட்டியின் ட்யூனிங். சப்சானிக்கை அதற்குக் கொஞ்சம் கீழே, 24 டிபி சரிவில் வையுங்கள். 40 க்கு 35.

லிமிட்டருக்கு ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து ஆம்ப் அவுட்டில் மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்துப் பாருங்கள். 8 ஓமில் 250 வாட்ஸுக்கு 44.7 வோல்ட். ரெண்டு ஸ்பீக்கரைப் பேரலல் போட்டாலும் அதே வோல்ட்தான். தெரியாத சரக்கானால் 150 வாட்ஸ், 34.6 வோல்ட்டில் நிறுத்துங்கள். வாட்ஸைப் பாதியாக்கினால் குறைவது 3 டிபிதான், கூட்டத்தில் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

ஆம்பில் அலை வெட்டுப்படுவதைக் காட்டும் கிளிப் லைட் மினுங்கிக்கொண்டே இருந்தால் ஃபேடரை இறக்குங்கள். நன்றாக வெட்டுப்பட்ட அலை, அதே உச்ச வோல்ட்டில் சைனைவிட ரெண்டு மடங்கு சூடு ஏற்றும்.

பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை தமிழ்நாட்டில் இருந்தாலும் பாலக்காட்டில் போதும். நுகர்வோர் உதவி எண் 1915 க்கு முதலில் கூப்பிடுங்கள். எஸ்டிமேட் சீட்டு, ஸ்டிக்கர், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறோம். கருகிய ரெண்டும் பிரித்தது பிரித்தபடியே கிடக்கின்றன, காயில் மாற்றினால் ஆதாரம் போய்விடும்.