பங்காளிப் பகையும் புள்ளிப் பட்டியலும்: ஓர் இணையக் கால்பந்து லீக்கில் ஒரு சீசன்

ஈஏ நிறுவனத்தின் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற கால்பந்து வீடியோ விளையாட்டின் கிளப்ஸ் முறையில் நடத்தப்படும் ஒரு தனியார் லீக்கில், லெஃப்ட் பேக் (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) இடத்தில் ஒரு முழு சீசன் ஆடி முடித்துவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். லீக்கின் பெயரைத் தெரிந்தேதான் தவிர்க்கிறேன். அதை நடத்துவோர் ஊதியம் பெறாதவர்கள், அவர்களைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கமன்று. 12 அணிகள், அணிக்கு 22 ஆட்டங்கள், முதல் 4 இடங்களுக்குப் பிளே ஆஃப் என்பதே அமைப்பு. கோல்கீப்பர் உட்படக் களத்தில் நிற்கும் ஒவ்வொருவரையும் ஒரு தனி மனிதர் இயக்குவதால், ஒரு தவறான பாஸுக்குப் பின்னால் எப்போதும் ஒரு குரல் இருக்கும், அந்தக் குரலுக்கு ஒரு கோபமும் இருக்கும்.

இந்த விளையாட்டிலேயே டிவிஷன் ரைவல்ஸ் என்றொரு பகுதி, இது ஃபிஃபா என்ற பெயரில் வந்துகொண்டிருந்த காலத்து ஃபிஃபா 19 முதல் இருந்துவருகிறது. பெயரில் பகை இருந்தாலும், அங்கே எதிரில் வருபவர் முன்பின் அறியாதவர். தோற்றால் பொத்தானை அழுத்தி அடுத்தவரைத் தேடிக்கொள்ளலாம். நம்மை அவமானப்படுத்தியவரை இன்ன தேதியில் மீண்டும் சந்தித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இருந்தால்தான் பகை வேர்பிடிக்கும். அந்தக் கட்டாயத்தை உருவாக்கித் தருவதே இத்தகைய லீக்குகள் விற்கும் சரக்கு. 2023இல் எஃப்சி 24 வெளிவந்தபோது வெவ்வேறு கருவிகளில் ஆடுவோர் ஒன்றாக மோதும் கிராஸ்பிளே வசதி கிளப்ஸ் முறைக்கும் கிடைத்தது. அதுவரை பிளேஸ்டேஷன் அணிகளும் எக்ஸ்பாக்ஸ் அணிகளும் ஒன்றையொன்று வாயால் மட்டுமே வென்றுகொண்டிருந்தன. இப்போது அந்தப் பழைய வாய்ச்சண்டைகளெல்லாம் அட்டவணையில் ஏறியிருக்கின்றன.

அட்டவணையைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்ட நாள்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டன, முடிவுகள் அன்றிரவே பதிவேறின, 15 நிமிடத்துக்கு மேல் காக்கவைத்த அணிக்கு எதிராகத் தயக்கமின்றி வாக் ஓவர் கொடுக்கப்பட்டது.

எங்கள் அணியின் துணை கேப்டன், 9ஆவது சுற்று முடிந்ததும், வீரர்கள் அணி மாறும் வாரத்தில், 5 பேரை அழைத்துக்கொண்டு பட்டியலின் கடைசியில் கிடந்த அணிக்குப் போய்விட்டார். பங்காளிச் சண்டைக்கு நிகரான சண்டை இல்லை என்பதை அடுத்த மாதமே உணர்ந்தோம். எங்கள் உத்திகள், கார்னரில் யார் யாரைக் காவல் காப்பார், எந்தப் பக்கம் பலவீனமானது என எல்லாமே அவர்களுக்கு மனப்பாடம். பலவீனமான பக்கம் என்னுடையது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 4-1 எனத் தோற்ற அந்த ஆட்டத்தில் 3 கோல்கள் என் வழியாகவே வந்தன. நான் எந்த நொடியில் பொறுமையிழந்து ஸ்லைடு டாக்கிள் போடுவேன் என்பதைக்கூட அறிந்து, அதற்கு அரை நொடி முன்பாகப் பந்தை விலக்கினார்கள். கடைசிப் பத்து நிமிடங்கள் தங்கள் தடுப்பாட்டக்காரர்களுக்குள்ளேயே பந்தைச் சுற்றவிட்டார்கள். எதிராளியைச் சீண்டுவதைக் குறைப்பதற்காக ஃபிஃபா 21இல் உதட்டில் விரல் வைக்கும் கோல் கொண்டாட்டத்தை ஈஏ நீக்கியது. கோல் கிக், த்ரோ இன் போன்றவற்றில் வீணாகும் நேரத்தையும் சுருக்கியது. ஆனால் சீண்ட வேண்டுமென முடிவு செய்துவிட்டவருக்கு எந்தக் கொண்டாட்டமும் போதுமானது. அன்று நான்கு கோல்களுக்கும் நான்கு கொண்டாட்டங்களையும் முழுமையாகப் பார்த்தோம்.

நிர்வாகிகள் இந்தப் பகையின் மதிப்பை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதே அணியோடான மறு ஆட்டத்துக்கு முன்பு டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் அவர்கள் வெளியிட்ட முன்னோட்டம் இரு தரப்பையும் நேர்மையாகவும் நகைச்சுவையோடும் கிண்டல் செய்தது. நேரலை வர்ணனையும் ஏற்பாடானது. எல்லை மீறியபோதும் கண்டித்தார்கள்: எங்கள் குரல் அறையில் நாங்கள் பேசிக்கொண்டதைப் பதிவு செய்து பரப்பிய ஒருவருக்கு மறுநாளே 3 ஆட்டத் தடை விதித்தார்கள். கேலிக்கும் கயமைக்கும் இடையே இவ்வளவு விரைவாகக் கோடு போட்டதைப் பாராட்டியே ஆகவேண்டும்.

பாராட்டு இதோடு நின்றுபோவதற்குக் காரணம் மறு ஆட்டம். 70ஆவது நிமிடத்தில் 2-1 என நாங்கள் முன்னிலையில் இருந்தபோது எதிரணியின் பெரும்பகுதி இணைப்பை இழந்தது. அப்படி நேர்ந்தால் கோல் கணக்கு நிற்க, எஞ்சிய நிமிடங்களை மட்டும் ஆடவேண்டும் என்பது லீக்கின் எழுத்து விதி. இணைப்பு அறுவதற்கு முன்பே 20 நிமிடங்களாக லேக் (இணைப்புத் தாமதம்) இருந்தது என்று அவர்கள் முறையிட, 3 பேர் கொண்ட குழு 11 நாள் யோசித்து, ஆட்டத்தை முதலிலிருந்து ஆடச் சொன்னது. அது 0-0 என முடிந்தது. நாங்கள் ஒரே ஒரு புள்ளியில் பிளே ஆஃபைத் தவறவிட்டு 5ஆம் இடத்தில் நின்றோம். 4ஆம் இடம் பிடித்த அணியின் கேப்டன் அந்த மூவரில் ஒருவர்.

அவர் தன் அணிக்காகத் தீர்ப்பை வளைத்தார் என நான் சொல்லவில்லை. எங்கள் பக்கமும் பிழை உண்டு: கோல்களை மட்டும் கிளிப் எடுத்து வைத்திருந்தோமே தவிர, சர்ச்சைக்குரிய அந்த 20 நிமிடங்கள் எங்களில் எவரிடமும் இல்லை. ஆயினும் வேலிக்கு ஓணான் சாட்சி என்று வாய் திறந்து சொல்ல இடம் கொடுத்துவிட்ட குழு, அதற்குப் பிறகு எவ்வளவு நேர்மையாகத் தீர்ப்பளித்தாலும் பயனில்லை. தோல்வியைத் தாங்கிக்கொண்ட எங்கள் ஆட்டக்காரர்களில் இருவர், இந்த 11 நாள் மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் விலகினார்கள். புள்ளிப் பட்டியலால் பாதிக்கப்படும் அணியைச் சேர்ந்தவர் அந்தந்த வழக்கிலிருந்து ஒதுங்கவேண்டும், 48 மணி நேரத்தில் காரணத்தோடு தீர்ப்பு வரவேண்டும் என்ற இரண்டு விதிகளைச் சேர்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை.

தனியாக வந்து இடையிடையே ஆடிவிட்டுப் போக விரும்புவோர்க்கு இந்த லீக் ஏற்றதன்று. வாரத்தில் இரண்டு இரவுகளையும் நண்பர்கள் சிலரின் நல்லெண்ணத்தையும் பணயம் வைக்கத் துணிந்தவர்களுக்கு இதைவிடச் சுவையான போட்டி கிடைப்பது அரிது. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். குழு அமைப்பு மாறினால் முழு ஒரு மதிப்பெண்ணைக் கூட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. அடுத்த சீசனுக்கான அட்டவணை நேற்று வந்தது: முதல் சுற்றிலேயே பழைய துணை கேப்டனின் அணியோடு எங்களுக்கு ஆட்டம். பதிவுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டேன்; இரு அணிகளையும் சாராத நடுவர் ஒருவர் வேண்டுமென எழுத்திலும் கேட்டிருக்கிறேன். முன்னோட்டத்தில் எங்களைக் கிண்டல் செய்யும் முதல் பத்தி அதற்குள் வெளியாகிவிட்டது. நடுவரைப் பற்றிய பதில் மட்டும் இன்னும் வரவில்லை.