நீலத் திரையும் மாடிக் கணினிக் கடையும்

சுங்கை சிப்புட் சந்தைக்கு அருகே, தையற்கடையின் மேல்மாடியில் இயங்கும் கணினிக் கடைக்கு நான் சென்றதற்குக் காரணம், தோட்டத்துக் கோயில் திருவிழா அழைப்பிதழைத் தட்டெழுதப் பதிவிறக்கிய தமிழ் விசைப்பலகை மென்பொருளை நிறுவ விடாமல், விண்டோஸின் நீல எச்சரிக்கைத் திரை மறித்துக்கொண்டே இருந்ததுதான். முன்பு வேறொரு கடையில் இதே சிக்கலுக்கு வைரஸ் தடுப்பையே அணைத்துவிட்டு, மீண்டும் இயக்காமல் 40 ரிங்கிட் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்தே அது எனக்குத் தெரிந்தது.

இங்கிருந்த தம்பி அவசரப்படவில்லை. அந்தத் திரை வந்தாலே கோப்பில் வைரஸ் இருக்கிறது என்று பொருளில்லை, அதிகம் பேர் பதிவிறக்காத கோப்பை, விண்டோஸில் உள்ள ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற பாதுகாப்பு வசதி அறியாததாலும் அது வரலாம் என்றார். பிறகு விண்டோஸிலேயே உள்ள 'செர்ட்யூட்டில்' (certutil) என்ற கட்டளையால் கோப்பின் ஷா-256 மதிப்பை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எழுத்து வரிசையை எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் இருந்த 64 எழுத்துகளையும் நான் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படிக்க, அவர் திரையில் சரிபார்த்தார். (பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த நினைவு வந்தது.) எல்லாம் ஒத்துப்போன பின்னரே 'மேலும் தகவல்' என்பதைத் திறந்து, 'எப்படியும் இயக்கு' என்ற பொத்தானை என்னையே அழுத்த வைத்தார். பாதுகாப்பு அமைப்பு எதையும் அவர் தொடவில்லை. வைரஸ் தடுப்பு ஒரு கோப்பைப் பெயர் சொல்லித் தீங்கானது என்று பிடித்தால் இந்த வழியில் போகக்கூடாது என்பதையும் இருமுறை சொன்னார்.

கட்டணம் 15 ரிங்கிட். படிக்கட்டு செங்குத்தானது, காத்திருக்க ஒரே நாற்காலிதான். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே குரல் கொடுத்தால் அவர் இறங்கி வருகிறார்.